உணவுப் பொட்டலத்தின் முன்பக்கக் கூற்றுகள் வாங்குவோருக்கு உதவுகின்றனவா, குழப்புகின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'குறைந்த கொழுப்பு', 'நார்ச்சத்து நிறைந்தது', 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று உணவுப் பொட்டலங்களின் முன்பக்கத்தில் அச்சிடப்படும் வாசகங்களைப் பற்றி வாங்குவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இவ்வாசகங்களில் பெரும்பாலானவை பொய்யானவை அல்ல. உண்மையான ஒரு வாசகம் எவ்வாறு தவறான முடிவுக்கு இட்டுச்செல்கிறது என்பதே இந்தப் பக்கத்தின் கவலை.

ஊட்டச்சத்துக் கூற்று என்று எதைச் சொல்கிறோம்?

ஓர் உணவில் குறிப்பிட்ட ஊட்டச்சத்து மிகுதியாகவோ குறைவாகவோ இருக்கிறது, அல்லது அறவே இல்லை என்று நேரடியாகச் சொல்லும் அல்லது உணர்த்தும் எந்த வாசகமும் ஊட்டச்சத்துக் கூற்றுதான். உலக நலவாழ்வு நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 1963இல் தொடங்கிய கோடெக்ஸ் அமைப்பு, இத்தகைய கூற்றுகளுக்கான வழிகாட்டுதலை 1997இல் வெளியிட்டது. பல நாடுகளின் சட்டங்கள் இதை அடியொற்றியே எழுதப்பட்டுள்ளன. 'இரும்புச்சத்து நிறைந்தது' என்பது ஊட்டச்சத்துக் கூற்று. 'எலும்பை வலுவாக்கும்' என்பது உடல்நலக் கூற்று. அதற்கான விதிகள் வேறு, பொதுவாகக் கடுமையானவை. 'இயற்கையானது', 'பாரம்பரியமானது' போன்ற சொற்கள் இவ்விரண்டிலும் சேராதவை. அவை எந்த ஊட்டச்சத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

'குறைந்த', 'இல்லாத', 'நிறைந்த' என்னும் சொற்களுக்கு அளவு உண்டா, அல்லது நிறுவனம் விரும்பியபடி எழுதிக்கொள்ளலாமா?

அளவு உண்டு. கோடெக்ஸ் வழிகாட்டுதலின்படி, திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லையென்றால் மட்டுமே 'குறைந்த கொழுப்பு' என்று எழுதலாம்; திரவ உணவில் அந்த வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 1.5 கிராம். 'கொழுப்பு இல்லாதது' என்று எழுத வேண்டுமானால் 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. சோடியத்துக்கு 100 கிராமில் 120 மில்லிகிராம் என்பது 'குறைந்த' என்பதன் வரம்பு. நார்ச்சத்து 100 கிராமில் 3 கிராம் இருந்தால் அந்த உணவை 'நார்ச்சத்துள்ள உணவு' என்றும், 6 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து நிறைந்தது' என்றும் சொல்லலாம்.

இந்த எண்கள் நாட்டுக்கு நாடு சற்றே மாறும். அமெரிக்க விதிகள் 100 கிராமை அன்றி, ஒரு வேளைக்கு வழக்கமாக உண்ணும் அளவையே அடிப்படையாகக் கொள்கின்றன. ஆகவே ஒரே சொல் இரு நாடுகளில் இரு வேறு அளவுகளைக் குறிக்கக்கூடும் என்பதை, வேறு நாட்டிலிருந்து வந்த பொட்டலத்தைக் கையில் எடுப்பவர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

சட்டத்தில் இவ்வளவு தெளிவான எண்கள் இருக்கும்போது குழப்பம் எங்கிருந்து வருகிறது?

கூற்று ஒரே ஒரு ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசுகிறது; வாங்குபவரோ அதை முழு உணவுக்குமான நற்சான்றாக எடுத்துக்கொள்கிறார். இந்த இடைவெளியில்தான் குழப்பம் பிறக்கிறது. 'குறைந்த கொழுப்பு' என்ற இரண்டு சொற்களில் சர்க்கரையைப் பற்றியோ, உப்பைப் பற்றியோ, கலோரியைப் பற்றியோ ஒரு தகவலும் இல்லை. ஆயினும் அதைப் படித்தவர் மனத்தில் 'இது உடலுக்கு நல்லது, இது எடையைக் கூட்டாது, இதைச் சற்று அதிகமாக உண்டாலும் தவறில்லை' என்ற மூன்று முடிவுகள் அடுத்தடுத்துத் தோன்றிவிடுகின்றன. பொட்டலம் இம்மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

இது வெறும் ஊகம் அல்ல. பிரையன் ரோ, ஆலன் லெவி, பிரெண்டா டெர்பி ஆகிய மூவரும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சோதனைத் தரவுகளைக் கொண்டு 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பக்கத்தில் கூற்றுள்ள பொட்டலத்தைப் பார்த்தவர்கள், தகவல் தேடுவதை முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் போக்கு அதில் தெரியவந்தது. பின்பக்க அட்டவணையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய தேவையை அவர்கள் உணரவில்லை. கூற்று குறிப்பிடாத நன்மைகளையும் அந்த உணவின்மேல் அவர்கள் ஏற்றிச் சொன்னார்கள். இவர்களைக் கவனமற்றவர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஒரு பொட்டலத்துக்குச் சில நொடிகளே ஒதுக்க முடிந்த ஒருவர், பெரிய எழுத்தில் இருப்பதை நம்பி முடிவெடுப்பது இயல்பு. அந்த இயல்பை நன்கு அறிந்தவர்கள்தான் முன்பக்கத்தை வடிவமைக்கிறார்கள்.

'25 சதவீதம் குறைந்த கொழுப்பு' என்றால் அந்த உணவு 25 சதவீதம் இலகுவானதா?

இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 100 கிராமில் 20 கிராம் கொழுப்பும் ஏறத்தாழ 480 கலோரியும் உள்ள ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். கொழுப்பில் 25 சதவீதத்தைக் குறைத்தால் 15 கிராம் எஞ்சும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருவதால், நீங்கிய 5 கிராமுக்கு 45 கலோரி குறைகிறது. ஆனால் கொழுப்பை எடுத்துவிட்டால் பிஸ்கட்டின் மென்மையும் சுவையும் போய்விடும். அந்த இடத்தை நிரப்பச் சர்க்கரையோ மாவுச்சத்தோ சேர்க்கப்படுவது உண்டு. எடுத்த 5 கிராமுக்கு ஈடாக 5 கிராம் சர்க்கரை சேர்த்தால், கிராமுக்கு 4 கலோரி வீதம் 20 கலோரி திரும்பி வருகிறது. ஆக மொத்தத்தில் 25 கலோரிதான் குறைந்திருக்கிறது. 480 கலோரியில் அது ஏறத்தாழ 5 சதவீதம். பொட்டலத்தில் 25 என்ற எண் உண்மையாகவே இருக்கிறது. உண்பவரின் கணக்கில் அது 5 ஆகச் சுருங்கி, சர்க்கரையும் கூடிவிட்டது.

இன்னும் சற்று நெருங்கிப் பார்த்தால், ஒருவர் ஒரு நேரத்தில் 30 கிராம் பிஸ்கட் உண்கிறார் என்றால், இரு வகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 8 கலோரிக்கும் குறைவு. 'கொழுப்பு குறைந்ததுதானே' என்று 10 கிராம் பிஸ்கட் ஒன்றைக் கூடுதலாக எடுத்தால், சேமித்ததைப் போல ஐந்து மடங்குக்கு மேல் உள்ளே போய்விடுகிறது.

ஒப்பீட்டுக் கூற்றைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'எதைவிடக் குறைவு?' என்பதே. கோடெக்ஸ் ஒப்பீட்டுக்குக் குறைந்தது 25 சதவீத வேறுபாட்டைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் கொழுப்பு, சர்க்கரை போன்றவற்றுக்கு 30 சதவீதம் கேட்கிறது. ஒப்பிடப்படும் உணவு மிக மிக அதிகக் கொழுப்புள்ளதாக இருந்தால், அதிலிருந்து 30 சதவீதம் குறைத்த பின்னும் எஞ்சுவது 'குறைந்த கொழுப்பு' வரம்பைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். 'குறைந்த' என்பதும் 'குறைக்கப்பட்ட' என்பதும் இரு வேறு பொருளுடைய சொற்கள். 'லைட்' என்று எழுதியிருப்பதை ஐரோப்பிய விதிகள் 'குறைக்கப்பட்ட' என்பதற்குச் சமமாகவே நடத்துகின்றன.

'95 சதவீதம் கொழுப்பு இல்லாதது' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

எடையில் 5 சதவீதம் கொழுப்பு இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். கொழுப்பு நீக்காத பாலில் எடைப்படி ஏறத்தாழ 3.5 சதவீதமே கொழுப்பு. அந்தக் கணக்கில் அதையும் '96.5 சதவீதம் கொழுப்பு இல்லாதது' என்று விற்கலாம். ஆனால் அந்தப் பாலின் கலோரியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்தே வருகிறது. நீரின் எடை சேர்ந்துகொள்வதால் சதவீதம் அழகாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகை வாசகத்தையே தடை செய்துவிட்டது. அது சரியான முடிவு.

'சர்க்கரை இல்லாதது', 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' ஆகிய இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல, மிக அதிகமானோர் ஏமாறும் இடம் இதுதான் என்பது என் கருத்து. முதலாவது உணவில் உள்ள சர்க்கரையின் அளவைப் பற்றியது: 100 கிராமில் 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. இரண்டாவது தயாரிப்பு முறையைப் பற்றியது: தயாரிக்கும்போது சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் உறுதியளிப்பதில்லை. மூலப்பொருளிலேயே எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் அது அப்படியே இருக்கும்.

பழச்சாறு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பழத்தைப் பொறுத்து 100 மில்லிலிட்டர் சாற்றில் ஏறத்தாழ 8 முதல் 15 கிராம் வரை சர்க்கரை இருக்கும். முழுப் பழத்தில் நார்ப்பகுதியோடு கட்டுண்டிருந்த சர்க்கரை, பிழிந்ததும் விடுபடுகிறது. அதனால்தான் உலக நலவாழ்வு நிறுவனம், தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையோடு ஒன்றாகவே எண்ணி, நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக அதை வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறது. 5 சதவீதத்துக்கும் குறைந்தால் கூடுதல் நன்மை என்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம் ஆகிறது. 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரையுள்ள சாற்றை 250 மில்லிலிட்டர் குடித்தால் அந்த 25 கிராமும் ஒரே குவளையில் முடிந்துவிடுகிறது. பொட்டலத்தில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதியிருப்பது அப்போதும் உண்மையே.

ஐரோப்பிய விதி, இக்கூற்றுள்ள உணவில் இயல்பாகச் சர்க்கரை இருந்தால் அதையும் லேபிளில் குறிப்பிடச் சொல்கிறது. அமெரிக்கா 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பின்பக்க அட்டவணையில் மொத்தச் சர்க்கரைக்குக் கீழே சேர்க்கப்பட்ட சர்க்கரை தனி வரியாக வருகிறது. இந்த இரண்டு ஏற்பாடுகளுமே வாங்குபவருக்கு உண்மையாக உதவுபவை.

'டிரான்ஸ் கொழுப்பு 0 கிராம்' என்றால் அறவே இல்லை என்று கொள்ளலாமா?

எல்லா நேரத்திலும் அப்படிக் கொள்ள முடியாது. டிரான்ஸ் கொழுப்பு என்பது பெரும்பாலும் எண்ணெயைப் பகுதியளவு ஹைட்ரஜனேற்றம் செய்து கெட்டியாக்கும்போது உருவாகும், இதயத்துக்குக் கெடுதியான கொழுப்பு. அமெரிக்க விதியின்படி ஒரு பரிமாறும் அளவில், அதாவது ஒருமுறை உண்பதற்கென்று பொட்டலத்தில் குறிக்கப்படும் அளவில், 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அதைப் பூஜ்யம் என்று எழுதலாம். ஒரு பரிமாறலில் 0.4 கிராம் இருக்கும் உணவில் ஐந்து பரிமாறல்களை ஒரு நாளில் உண்பவருக்கு 2 கிராம் சேர்கிறது. 2,000 கலோரி உணவுக்கு உலக நலவாழ்வு நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பான 2.2 கிராமுக்கு மிக அருகில் அது வந்துவிடுகிறது. சேர்பொருள் பட்டியலில் 'பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட எண்ணெய்' என்று இருந்தால், முன்பக்கப் பூஜ்யத்தை நம்ப வேண்டாம்.

பரிமாறும் அளவு என்பதே கவனிக்க வேண்டிய ஒன்று. பொட்டலத்தைப் பிரித்து ஒரே அமர்வில் முடித்துவிடும் உணவுக்கு 'இரண்டரைப் பரிமாறல்கள்' என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தால், அட்டவணையில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் இரண்டரையால் பெருக்கித்தான் படிக்க வேண்டும்.

தாவர எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எழுதுவதில் என்ன தவறு?

கொலஸ்ட்ரால் விலங்குவழி உணவுகளில் இருப்பது. தாவர எண்ணெயில் பொருட்படுத்தத்தக்க அளவில் அது எந்த நிறுவனத்தின் தயாரிப்பிலும் இராது. ஒரு நிறுவனம் மட்டும் அதை அச்சிட்டால், பக்கத்தில் உள்ள மற்ற எண்ணெய்களில் அது இருக்கிறது என்ற எண்ணம் உண்டாகிறது. அதைவிட முக்கியமானது, இரத்தத்தில் கொலஸ்ட்ராலை உயர்த்துவதில் உணவிலுள்ள நிறைவுற்ற கொழுப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேலும், பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பே. இதை எண்ணித்தான் கோடெக்ஸ், கொலஸ்ட்ரால் பற்றிய கூற்றை நிறைவுற்ற கொழுப்பின் அளவோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. இயல்பாகவே ஒரு பொருள் இல்லாத உணவில், அது அந்த உணவு வகைக்கே பொதுவான தன்மை என்று விளங்கும்படி எழுத வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இனிப்பு மிகுந்த உணவில் வைட்டமின்களைச் சேர்த்து 'வைட்டமின்கள் நிறைந்தது' என்று விற்கலாமா?

பல இடங்களில் விற்க முடிகிறது என்பதே உண்மை. உப்பில் அயோடின் சேர்ப்பது போன்ற பொதுநலத் திட்டங்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மக்களிடம் உள்ள குறைபாட்டைப் போக்க, எல்லோரும் சிறிதளவு உண்ணும் ஒரு பொருளில் சத்தைச் சேர்ப்பது அது. நான் குறைசொல்வது, மிட்டாய்க்கும் இனிப்புப் பானத்துக்கும் சிறிது வைட்டமின் தூவிவிட்டு அதைப் பெரிய எழுத்தில் அறிவிப்பதை. அமெரிக்காவில் உடல்நலக் கூற்றுகளுக்கு ஜெல்லி பீன் என்ற மிட்டாயின் பெயரால் 'ஜெல்லி பீன் விதி' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் ஒரு விதி இருக்கிறது: வெளியிலிருந்து எதையும் சேர்க்காத நிலையிலேயே, வைட்டமின் ஏ, வைட்டமின் சி, இரும்புச்சத்து, கால்சியம், புரதம், நார்ச்சத்து ஆகியவற்றில் ஒன்றாவது நாளொன்றுக்கான அளவில் 10 சதவீதம் அந்த உணவில் இருக்க வேண்டும். மிட்டாய்க்கு வைட்டமின் சேர்த்து நலவாழ்வு உணவாகக் காட்டுவதைத் தடுக்கவே இந்த விதி. ஊட்டச்சத்துக் கூற்றுகளுக்கும் இத்தகைய ஒரு நுழைவாயில் எல்லா நாடுகளிலும் தேவை.

அப்படியென்றால் இக்கூற்றுகளால் நன்மையே இல்லையா?

இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. 1984இல் கெல்லாக் நிறுவனம், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு, தன் ஆல் பிரான் தானிய உணவின் பெட்டியில் நார்ச்சத்துக்கும் புற்றுநோய்த் தடுப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதியது. அன்றைய விதிகளின்படி அது அனுமதிக்கப்படாத உடல்நலக் கூற்று. அதன் பின்விளைவுகளைப் பொருளியலாளர்கள் பாலின் இப்போலிட்டோவும் ஆலன் மேத்தியோசும் ஆராய்ந்தபோது, நார்ச்சத்து மிக்க தானிய உணவுகளை மக்கள் கூடுதலாக வாங்கத் தொடங்கியதையும், நிறுவனங்கள் புதிதாக அத்தகைய உணவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்ததையும் கண்டார்கள். நூல்களிலும் அரசு அறிவுரைகளிலும் ஏற்கெனவே இருந்த செய்தி, பெட்டியின்மேல் வந்த பிறகுதான் பலரைச் சென்றடைந்தது.

இந்த நன்மையின் பெரும்பகுதி வாங்குபவரின் வாசிப்பினால் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கூற்றை எழுதும் தகுதியைப் பெறுவதற்காகவே நிறுவனம் உப்பைக் குறைக்கிறது, நார்ச்சத்தைக் கூட்டுகிறது. லேபிளை ஒருபோதும் படிக்காதவருக்கும் அந்த மாற்றத்தின் பலன் கிடைக்கிறது. ஆகவே கூற்றுகளையே ஒழித்துவிட வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

நோயுள்ளவர்கள் இக்கூற்றுகளை நம்பி வாங்கலாமா?

கூடுதல் எச்சரிக்கை தேவை. 'சர்க்கரை இல்லாத' பிஸ்கட்டில் மாவுச்சத்து இருக்கும். அது உடலில் குளுக்கோசாகவே மாறுகிறது. ஆகவே நீரிழிவு உள்ளவர் சர்க்கரை வரியோடு நிற்காமல் மொத்த மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) வரியைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் மால்டிடால் போன்ற இனிப்பூட்டிகள் கலோரியற்றவையும் அல்ல, இரத்தச் சர்க்கரையை அறவே உயர்த்தாதவையும் அல்ல. அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கும் உண்டாகும். சோடியம் குறைக்கப்பட்ட உப்பு வகைகள் பலவற்றில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இரத்த அழுத்தம் உள்ள பலருக்கு அது நன்மை தரலாம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கோ, உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்துகளை உட்கொள்பவருக்கோ அது உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பக்கத்தில் 'குறைந்த சோடியம்' என்ற வாசகம் இந்த இருவரையும் ஒரே குரலில் அழைக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் இவ்வுப்புக்கு மாற வேண்டாம்.

குழப்பத்தைத் தீர்க்கச் சட்டம் என்ன செய்யலாம்?

ஓர் உணவு மொத்தத்தில் ஏற்கத்தக்கதாக இருந்தால்தான் அதன் ஒரு நற்கூறைப் பெரிதாக எழுத அனுமதி என்று விதிப்பதே முதன்மையான தீர்வு. இது புதிய யோசனை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், உப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு இத்தகைய ஊட்டச்சத்து வரையறைகளை 2009 ஜனவரிக்குள் உருவாக்க வேண்டும் என்று கெடு விதித்தது. அந்தக் கெடு கடந்து பல ஆண்டுகள் ஓடிய பின்னும் வரையறைகள் வரவில்லை. கூற்று எழுதுவதற்கான அனுமதி நடைமுறையில் இருக்க, அதைக் கட்டுப்படுத்த வேண்டிய பாதி மட்டும் எழுதப்படாமல் நின்றுபோனது பெரும் குறை.

அமெரிக்க விதியில் இதற்கு ஓர் அரைத் தீர்வு உண்டு. ஊட்டச்சத்துக் கூற்றுள்ள உணவில், ஒரு வேளைக்கு என்று வரையறுக்கப்பட்ட அளவில் 13 கிராமுக்கு மேல் கொழுப்போ, 4 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்போ, 60 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ராலோ, 480 மில்லிகிராமுக்கு மேல் சோடியமோ இருந்தால், அதைப் பற்றிய தகவலை அட்டவணையில் காணுமாறு கூற்றுக்கு அருகிலேயே எழுத வேண்டும். இந்தப் பட்டியலில் சர்க்கரை இடம்பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சிலி 2016இல் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது: சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை வரம்பை மீறும் உணவுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. படிப்படியாகக் கடுமையாக்கப்பட்ட அந்த வரம்பு, 2019 முதல் திட உணவின் 100 கிராமுக்கு 10 கிராம் சர்க்கரை, 400 மில்லிகிராம் சோடியம், 4 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 275 கலோரி என்று நிற்கிறது. மெக்சிகோ 2020இல் இதைப் பின்பற்றியது. நிறுவனம் தான் சொல்ல விரும்புவதைச் சொல்லும் அதே முகப்பில், அது சொல்ல விரும்பாததையும் சொல்ல வைக்கும் ஏற்பாடு என்பதால் இதை நான் மதிக்கிறேன்.

கடையில் நேரமில்லாதபோது எதை மட்டுமாவது பார்ப்பது?

கூற்றைப் படித்ததும் பொட்டலத்தைத் திருப்பி, அது பேசாத மற்ற மூன்று வரிகளைப் பாருங்கள். கொழுப்பைப் பற்றிப் பேசினால் சர்க்கரை, சோடியம், கலோரி. சர்க்கரையைப் பற்றிப் பேசினால் நிறைவுற்ற கொழுப்பு, சோடியம், கலோரி. இரு பொட்டலங்களை ஒப்பிடும்போது 100 கிராமுக்கான எண்களை மட்டுமே ஒப்பிடுங்கள். பரிமாறும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சேர்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில் எழுதப்படுபவை. முதல் மூன்றில் சர்க்கரையோ அதன் மாற்றுப் பெயர்களான குளுக்கோஸ் பாகு, மால்டோஸ், பழச்சாற்றுச் செறிவு போன்றவையோ இருந்தால், முன்பக்கம் என்ன சொன்னாலும் அது இனிப்புப் பண்டம்தான்.

கூற்று எதுவும் இல்லாத உணவு தரம் குறைந்ததா?

இல்லை. கூற்று எழுதுவது நிறுவனத்தின் விருப்பம். காய்கள், பழங்கள், பருப்புகள் முதலியவை பெரும்பாலும் எந்த வாசகமும் இல்லாமலே விற்கப்படுகின்றன; அவற்றில் உள்ள நார்ச்சத்தை அறிவிக்க அங்கே ஓர் அட்டைப் பெட்டி இல்லை.

முன்பக்கக் கூற்றும் பின்பக்க அட்டவணையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் என்ன செய்வது?

பொட்டலத்தின் இரு பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து, தொகுதி எண்ணையும் தயாரிப்பு நாளையும் குறித்துக்கொண்டு, வாங்கியதற்கான ரசீதோடு உங்கள் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். கூற்றின் சொற்களை அப்படியே எடுத்தெழுதி, அதற்கு எதிரான எண் அட்டவணையின் எந்த வரியில் இருக்கிறது என்றும் குறிப்பிடுங்கள். 'ஏமாற்றுகிறார்கள்' என்ற பொதுவான புகாரைவிட, '100 கிராமில் 5 கிராம் கொழுப்புள்ள திட உணவில் குறைந்த கொழுப்பு என்று எழுதியிருக்கிறது' என்ற ஒரு வரி விசாரணை அலுவலரின் வேலையை எளிதாக்கும்.